பவளத்துக்கு ஒரு டிப் போதுமா, தனித்தொட்டி வேண்டுமா?

புதுப் பவளம் வீட்டுக்கு வந்ததும் பலரும் ஒட்டியிருக்கும் பூச்சி போகப் பத்து நிமிடம் மருந்துத் தண்ணீரில் முக்கி (இதுதான் டிப்), அலசி, நேராகப் பெரிய மீன்தொட்டியில் வைத்துவிடுகிறோம். இன்னொரு வழி, தனித்தொட்டியில் ஆறு வாரமாவது வைத்து, வாரம் ஒரு டிப் கொடுப்பது. இரண்டையும் செய்து பார்த்ததில், அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் வளர்ப்பவர்களுக்கு முதல் வழி போதாது என்றே சொல்வேன்.

காரணம் முட்டை. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு, பவளத்தின் அடியில் தசை போர்த்தாத வெற்று எலும்பில் முட்டையிடும். டிப் புழுவை உதிர்க்கும், முட்டையை ஒன்றும் செய்யாது. அப்படி ஒரே டிப்போடு நான் வைத்த கிளை ஒரு மாதத்தில் வெளிறத் தொடங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கடித்த தடம். டர்க்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த குழாய்) தண்ணீரைப் பீய்ச்சி ஊதியதும் பவளத்தின் நிறத்திலேயே இருந்த புழுக்கள் கழன்று மிதந்தன. கிளையைத் திருப்பினால், அடியில் எள் அப்பியது போலப் பழுப்பு முட்டைகள். அதற்குள் பக்கத்துக் கிளைகளுக்கும் போய்விட்டது.

முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம் ஆகும், தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பொரிந்த குஞ்சு வளர்ந்து மறுபடி முட்டையிடுவதற்குள் அடுத்த டிப் பிடித்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை என்பது அதற்காகத்தான்.

டிப்புகளில் அயோடின் காயத்துக்கு நல்லது, புழுவுக்குப் பலம் போதாது. கோரல் ஆர்எக்ஸ் என்ற டிப் மருந்து பரவாயில்லை. இமிடாக்ளோப்ரிட் கலந்த தோட்டப் பூச்சிமருந்து எல்லாவற்றையும்விடக் கடுமை. ஆனால் அது மீன்தொட்டிக்காகச் செய்ததல்ல. கொஞ்சம் ஒட்டிப் போனாலும் இறால், நண்டு செத்துவிடும். கையுறை போட்டு, இரண்டு வாளி உப்புத் தண்ணீரில் மாற்றி மாற்றி அலசுங்கள். ஜோவாந்தஸ் என்ற மென்பவளத்தைத் தேய்க்கும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள், அதில் இருக்கக்கூடிய பாலிடாக்சின் என்ற நஞ்சு உயிருக்கே ஆபத்து.

தனித்தொட்டியிலும் சிக்கல் உண்டு. நாற்பது லிட்டர் தண்ணீரில் காரத்தன்மை சட்டென்று ஏறி இறங்கும், பூச்சி கொல்லாத அக்ரோபோராவை அதுவே கொன்றுவிடும். பெரிய தொட்டியில் மாற்றும் தண்ணீரையே இதற்கு ஊற்றி வந்தால் ஓரளவு நிலையாக இருக்கும். வெளிச்சத்திலும் கஞ்சத்தனம் கூடாது, குறைந்தால் பவளம் பழுப்பேறிவிடும். இத்தனை பாடுக்கும் பலன் இருக்கிறது: அரை மில்லிமீட்டர் சிவப்புப் பூச்சி வந்தால் மில்பெமைசின் மருந்தைத் தனித்தொட்டியிலேயே போடலாம், பெரிய தொட்டி இறால்கள் பிழைக்கும்.

தனித்தொட்டிக்கு இடமே இல்லையா? சரி, ப்ளக்கை (கிளை ஒட்டியிருக்கும் அடிக்கட்டை) மட்டுமாவது வெட்டி எறிந்து, உயிருள்ள கிளையைப் புது ப்ளக்கில் ஒட்டுங்கள். முட்டைகளில் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

நான் இப்போது வெள்ளை டப்பாவில்தான் டிப் கொடுக்கிறேன், விழுவது கண்ணுக்குத் தெரியும். கடைசி இரண்டு டிப்பிலும் டப்பாவின் அடி சுத்தமாக இருந்தால்தான் கிளை பெரிய தொட்டிக்குப் போகும்.