காசு குடுத்து வாங்கின போட்டோ எடிட்டர், உள்ள இருந்தது கிம்ப்

ஆப் ஸ்டோர்ல ஸ்கிரீன்ஷாட் எல்லாம் நல்லா இருந்துச்சேன்னு காசு கட்டி வாங்கின எடிட்டர் இது. லேயர், மாஸ்க், கர்வ்ஸ் எல்லாம் பக்காவா வேலை செய்யுது, அதுல குறையே இல்ல. மூணாவது நாள் ஒரு படத்த சேவ் பண்றப்போ ஃபைல் பேருக்குக் கடைசில எக்ஸ்சிஎஃப்னு வந்துச்சு, அப்பதான் பொறி தட்டுச்சு, அது கிம்ப்ங்கிற ஃப்ரீ போட்டோ எடிட்டரோட ஃபார்மட் ஆச்சே! பேர மாத்தி, ஐகான மாத்தி, கிம்ப்போட சின்னமான அந்த வில்பர் பொம்மையையும் தூக்கிட்டு கிம்ப்பையே வித்திருக்காங்க. அதுவும் பழைய 2.10 வெர்ஷன். 2025 மார்ச்லயே 3.0 வந்தாச்சு, யார் வேணா ஃப்ரீயா எடுத்துக்கலாம்.

விக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல. கிம்ப் ஜிபிஎல்ங்கிற, யார் வேணா எடுத்து மாத்தி மத்தவங்களுக்கும் தரலாம்னு சொல்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல வருது, காசுக்கு விக்க அதுல தாராளமா இடம் இருக்கு. ஆனா காப்பிரைட் நோட்டீஸ எடுக்கக்கூடாது, லைசென்ஸையும் கூடவே தரணும், சோர்ஸ் கோட், அதாவது ப்ரோகிராமோட மூல வரிகள், கிடைக்கவும் வழி பண்ணணும். இங்க தேடிப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. சோர்ஸ் கேட்டு மெயில் போட்டு மூணு வாரமாச்சு, பதிலே வரல. 1995ல ரெண்டு மாணவங்க ஆரம்பிச்சு, அப்புறம் எத்தனையோ பேர் சம்பளம் இல்லாம எழுதின கோடு, அவங்க பேரையே அழிச்சுட்டு விக்க எப்படி மனசு வருது? இதுல ஏதாவது பிரச்சனைன்னா ஜனங்க கடைசில அவங்ககிட்டதான் போய் நிப்பாங்க.

அதுக்காக மொத்தமா தடை போடறதும் சரியா வராது. 2022ல மைக்ரோசாஃப்ட் அவங்க ஸ்டோர்ல ஃப்ரீயா கிடைக்கிற ஓப்பன் சோர்ஸ வச்சு லாபம் பாக்கக்கூடாதுன்னு ரூல் கொண்டுவரப் பாத்தாங்க, எழுதினவங்களே விக்க முடியாமப் போயிடும்னு எதிர்ப்பு வந்ததும் அந்த வரிய எடுத்துட்டாங்க. கிருதாங்கிற ஓப்பன் சோர்ஸ் ஓவிய சாஃப்ட்வேர பாருங்க, அவங்க சைட்ல ஃப்ரீ, ஸ்டோர்ல காசு, அந்தக் காசு டெவலப்மென்ட்டுக்குப் போகுதுன்னு வெளிப்படையா சொல்றாங்க. அத நான் சந்தோஷமா வாங்குவேன்.

இதுக்கு ஒரு ஸ்டார். ரீஃபண்ட் கேட்டிருக்கேன், லைசென்ஸ் இல்லன்னு ஸ்டோருக்கும் ரிப்போர்ட் பண்ணிட்டேன். ஏற்கனவே வாங்கிட்டவங்க எக்ஸ்சிஎஃப் ஃபைல நினைச்சு பயப்பட வேணாம், ஒரிஜினல் கிம்ப்லயே அப்படியே ஓப்பன் ஆகுது.