மூன்று வருடம், நான்கு முறிவு: என் 'இந்தியக் கடற்படை' ஸ்கைஹாக்கின் முன்கால்

தாம்பரத்தில் இருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, அந்த 1/72 ஸ்கைஹாக் கிட் விலை நல்லா இறங்கியிருக்கு. நீங்க கட்டினது அதுதானே? வாங்கிடலாமா?" ஸ்கைஹாக் என்பது கப்பலிலிருந்து கிளம்பும் அமெரிக்கப் போர் விமானம்; நான் கட்டியது அதை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடல். அவன் கேட்ட நேரம், அதே விமானத்தின் முன்கால், அதாவது மூக்குக்கு அடியில் சக்கரம் தாங்கும் கால், என் கையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. நான்காவது முறை. ஆகவே பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும். முடிந்தவரை நியாயமாகச் சொல்கிறேன்.

இதைக் கட்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் பழைய விக்ராந்தும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னும் ஒரே மெஜெஸ்டிக் வகுப்பு விமானந்தாங்கிக் கப்பல்கள், கூடப் பிறந்தவை. 1961-ல் விக்ராந்த் நம் படையில் சேர்ந்தது. அதில் ஏறியவை சீ ஹாக் விமானங்கள். 1971 டிசம்பரில் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியவை அவைதாம். ஆஸ்திரேலியர்கள் ஏ-4ஜி என்ற ரக ஸ்கைஹாக்கை எடுத்தார்கள். இருபது வாங்கினார்கள், பத்து விபத்துகளில் போயிற்று. 1982-ல் மெல்போர்ன் ஓய்வு பெற்றதும் மிச்சம் பத்தும் 1984-ல் நியூசிலாந்துக்கு விற்கப்பட்டன. ஏறத்தாழ அதே சமயத்தில்தான் நாம் சீ ஹாக்குகளுக்கு விடை கொடுத்துவிட்டு, 1983 கடைசியில் கோவாவில் முதல் சீ ஹாரியர்களை இறக்கிக்கொண்டிருந்தோம்.

அந்தப் பத்தும் கோவாவுக்கு வந்திருந்தால்? என் அலமாரியில் நிற்பது அந்தக் கேள்விதான்.

வெறும் ஆசைக்குக் கட்டிய கதை இல்லை இது. ஸ்கைஹாக்கின் இறக்கை விரிவு 8.38 மீட்டர்தான். கப்பல் விமானமாக இருந்தும் இறக்கையை மடக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்குச் சின்னது. விக்ராந்த் போன்ற சிறிய கப்பலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு தடை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஸ்கைஹாக்கை ஏற்ற மெல்போர்னையே பெரிய அளவில் சீரமைக்க வேண்டியிருந்தது. என் கதையில் விக்ராந்துக்கு, ஹாரியர் எழும்பிக் கிளம்பத் தளத்தின் முனையில் வைக்கும் வளைமேடை வைக்கவில்லை. அந்தச் செலவு, விமானத்தை உந்தித் தள்ளிக் கிளப்பும் நீராவிக் கவணைப் பலப்படுத்துவதற்குப் போனது. விமானங்கள் நம் கடற்படையின் 300-வது விமான அணியில், 'வெள்ளைப் புலிகளில்' சேர்ந்தன. மேலே கருஞ்சாம்பல், அடியில் வெள்ளை. நம் சீ ஹாரியர்கள் வந்தபோது இருந்த அதே நிறம்.

இந்த இடம் வரை கிட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் புட்டியே தேவைப்படவில்லை. ஏ-4ஜிக்கு, வேறு சில ஸ்கைஹாக் ரகங்களுக்கு இருப்பது போல முதுகில் திமில் மாதிரிப் புடைப்பு கிடையாது; கிட்டில் அது தனித் துண்டாக வருகிறது, ஒட்டாமல் விட்டால் முடிந்தது. விமானி அறையின் கண்ணாடி தண்ணீர் போலத் தெளிவு. என்னைப் படுத்தி எடுத்தது அணியின் சின்னமான புலிதான், ஆனால் அது கிட்டின் குற்றம் இல்லை. வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. தெளிவான டீக்கல் தாளில், அதாவது மாடலில் சின்னம் ஒட்டும் தாளில், வெள்ளைப் புலியை அச்சடித்தால் அடியில் இருக்கும் சாம்பல் நிறம்தான் புலியாகத் தெரியும். வெள்ளை அடித்தளத் தாளில் அடித்து, பிளேடு முனையால் மீசை வரை சுற்றி வெட்டினேன். இரண்டு புலிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மூன்று வருடம் ஆகியும் ஓரம் தூக்கவில்லை.

இனி முன்கால்.

நிஜ ஸ்கைஹாக்கே கொக்கு மாதிரி நெடுங்காலில் நிற்கும். வயிற்றுக்கு அடியில் பெரிய குண்டைத் தொங்கவிட வேண்டும் என்பதால் அப்படி வடிவமைத்தார்கள். மாடலில் கனமெல்லாம் பின்பக்கம் போய்விடும். மூக்கில் எடை வைக்காவிட்டால் வாலில் குந்திவிடும். விளக்கத்தாளில் எடை வை என்று ஒரு படம் இருக்கிறது, எத்தனை கிராம் என்று இல்லை. காசிமேட்டில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஈயக்குண்டு வாங்கி வந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் 8 கிராமில் நின்றது. அந்த 8 கிராமும் வந்து உட்காருவது, நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான பிளாஸ்டிக் குச்சி ஒன்றின் மேல். அதை விடக் கொடுமை, துண்டுகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கும் காம்பை அந்தக் காலின் மிக மெல்லிய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். வெட்டும்போதே அந்த இடம் வெளுத்தது. வெளுத்த பிளாஸ்டிக் என்றால் பாதி ஒடிந்த பிளாஸ்டிக்.

கட்டி முடித்த மூன்றாம் வாரம், அலமாரியில் வைக்கும்போது ஒடிந்தது. சூப்பர் க்ளூ வைத்தேன். அடுத்த கத்திரி வெயிலில், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரிக்குள் கால் மெல்ல மெல்லப் பின்னால் வளைந்து, ஒருநாள் காலையில் மூக்கு தரையில் இருந்தது. சௌகார்பேட்டையில் நகைப்பட்டறைச் சாமான் கடைக்குப் போய் 0.5 மி.மீ. துளைப்பான் வாங்கி, உள்ளே பித்தளைக் கம்பி இறக்கினேன். கம்பி நின்றது, அதற்கு மேலே ஒடிந்தது. அது ஆயுத பூஜைக்கு அம்மா அலமாரியைத் துடைத்த அன்று. நான்காவது போன வாரம். யாரும் தொடக்கூட இல்லை.

அந்த ஆயுத பூஜையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கால் ஒடிந்ததில் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. நான் ஒட்டி நிறுத்தியதும், தையல் மெஷினுக்கும் என் ஸ்கூட்டருக்கும் வைத்த கையோடு விமானத்தின் மூக்கிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது, குங்குமத்தின் சிவப்பு சாம்பல் பெயிண்டில் ஊறி நின்றுவிட்டது. நான் துடைக்கவில்லை. டீக்கலும் நிறமும் சேர்ந்து தராத ஒன்றை அந்தப் புள்ளி தந்தது: அந்த நாள் முதல் அது ஆஸ்திரேலிய விமானமாக என் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை.

இந்தத் தடவை பிளாஸ்டிக்கை முழுக்கத் தூக்கி எறிந்துவிட்டேன். மருந்துக் கடையில் கிடைக்கும் பச்சை நிற 21 நம்பர் ஊசி, வெளிவிட்டம் 0.8 மி.மீ., துருப்பிடிக்காத எஃகு. கட்டரால் நறுக்கினால் குழாய் நசுங்கும். அரத்தால் சுற்றிச் சுற்றி அறுக்க வேண்டும். அதற்குள் பித்தளைக் கம்பி, கம்பியின் நுனியில் சக்கரம். பார்க்க நிஜ விமானக் காலில் அதிர்ச்சி தாங்க உள்ளே வழுக்கும் தண்டு போலவே பளபளவென்று இருக்கிறது.

"சக்கரத்தை மடக்கி, ஸ்டாண்டில் பறக்கிற மாதிரி வெச்சிடுங்கண்ணா" என்கிறான் தம்பி. விக்ராந்தின் தளத்தில் நிற்கவேண்டும் என்றுதான் இந்த விமானத்தையே நான் உண்டாக்கினேன். அது நின்றே ஆகவேண்டும்.

அவனுக்கு என் பதில்: வாங்காதே. இறக்கையும் கண்ணாடியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தன் எடையைத் தாங்காத காலைப் பெட்டியில் போட்டு விற்பவருக்கு, விலை பாதியானாலும் என் வாயால் சிபாரிசு கிடையாது. ஸ்கைஹாக்தான் வேண்டும் என்றால் வேறு கம்பெனி கிட்டுக்குக் காசு சேர்த்துவை. ஊசிக்கால் எப்படி வைப்பது என்று பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மிச்சம் மூன்று ஊசி இருக்கிறது.