வாய்ஸ் ஃபார் லைஃப்: சிறுவர் கொயருக்கான பயிற்சித் திட்டம் எப்படி?

ஆண்களும் சிறுவர்களும் மட்டும் பாடும் பாரம்பரியக் கொயர் (தேவாலயப் பாடகர் குழு) கலைவதற்கு முக்கியக் காரணம், ட்ரெபிள் வரிசை, அதாவது உச்சக் குரலில் பாடும் சிறுவர் வரிசை, வற்றிப்போவதுதான். 7, 8 வயதில் சேரும் பையனுக்கு 12, 13 வயதில் குரல் உடைய ஆரம்பித்துவிடும். துணையில்லாமல் ஒரு வரியைத் தாங்கிப் பாட அவனுக்கு ஓரிரு வருடம் பிடிக்கும். ஒரு வருடம் ஆள் சேர்க்காமல் விட்டால், அந்த ஓட்டை பிறகுதான் தெரியும். அப்போது அடைக்க வழியிருக்காது.

1927இல் சிட்னி நிக்கல்சன் தொடங்கிய தேவாலய இசை அமைப்பான ராயல் ஸ்கூல் ஆஃப் சர்ச் மியூசிக்கின் ‘வாய்ஸ் ஃபார் லைஃப்’ பயிற்சித் திட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. வெள்ளை, இளநீலம், கருநீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஐந்து படிகள். படி முடித்தவன் அந்த நிற ரிப்பனில் பதக்கம் அணிவான். எட்டு வயதுப் பையன் அதற்காகவே ஓடி வருவான்!

திட்டத்தின் பயிற்சிப் புத்தகத்தை வீட்டுப்பாடமாக மட்டும் நிரப்ப வைத்தால் எல்லாம் வீண். பக்கம் நிறையும், காது வளராது. ஒத்திகைக்கு முன் பத்து நிமிடம் இரண்டு பையன்களை நிறுத்தி, முன்பின் பார்க்காத நான்கு பார்களை (தாளப் பகுதிகளை) பியானோ இல்லாமல் பாடச் சொல்லுங்கள். முதல் ஸ்வரத்தை மட்டும் கொடுங்கள். தடுமாறினால் தேறியதாகப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

குரல் உடைந்தவனை எந்தப் புத்தகமும் தக்கவைக்காது. அது கொயர் மாஸ்டரின் வேலை. அவனை உடனே பேஸில் (ஆண்களின் மிகத் தாழ்ந்த குரல் வரிசையில்) தள்ள வேண்டாம். சிரமமில்லாமல் வரும் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் பாடவிட்டு, இசைத்தாள் பொறுப்பையும் கொடுங்கள். நாளைய டெனரும் (ஆண்களின் மேல்குரல்) பேஸும் அவன்தான்.