ஈசியுவை மாற்றுவதா, ரிப்பேர் செய்வதா, ஒயரிங்கைப் பார்ப்பதா?

சுங்கை சிப்புட் பக்கம் காடி ஸ்டார்ட் ஆகாமல் பட்டறைக்குப் போனால், "ஈசியு போச்சு அண்ணே, ஹாஃப் கட் கடையில ஒண்ணு எடுத்துப் போட்டுடலாம்" என்பார்கள். ஈசியு என்பது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, ஹாஃப் கட் என்பது பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய காடியின் பாகங்கள். இன்னொரு வழி, இருக்கிற ஈசியுவையே போர்டு ரிப்பேருக்கு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ அனுப்புவது. இரண்டுக்கும் முன்னால் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும் என்பேன்.

காரணம் நம் ஊர்தான். செம்பனை ஓரம் ராத்திரியில் நிற்கும் வண்டியை எலி விடாது. உர மூட்டை ஏற்றும் பிக்கப்பில் எர்த் போல்ட்டெல்லாம் பச்சை பூத்திருக்கும். மீட்டர் 'பீப்' அடித்தால் ஒயர் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். எலி கடித்து ஒரே ஒரு இழை மிஞ்சினாலும் பீப் கேட்கும், கரண்ட் இழுக்கும்போது அது தாங்காது. ஈசியு சாக்கெட்டைக் கழற்றி, அதற்கு வரும் மெயின் பவருக்கும் எர்த்துக்கும் நடுவே 21 வாட் சிக்னல் பல்பைப் பிடியுங்கள். மங்கலாக எரிந்தால் கோளாறு ஒயரிங்கில் இருக்கிறது. சென்சார் ஒயர்களில் மட்டும் பல்பு வேண்டாம்.

ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே 5 வோல்ட் சப்ளை விழுந்து, ஸ்கேனரில் கோளாறு கோட் வரிசையாக வரும். ஈசியு செத்தது போலவே தெரியும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எதில் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் ஆள். பவரும் எர்த்தும் சரியாக இருந்து P0601 (ஈசியுவின் உள் மெமரி கோளாறைச் சொல்லும் கோட்) வந்தால் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

சரி, பெட்டிதான் என்று தெரிந்துவிட்டது. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத பூட்டு) இல்லாத பழைய புரோட்டான் வீராவா? ஹாஃப் கட் போதும், ஸ்டிக்கரில் உள்ள நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். மறுநாள் ஷிப்டுக்குப் போகிறவருக்கு இந்த வேகம் பெரிய விஷயம். இம்மொபிலைசர் உள்ள காடியில் வேறு வண்டியின் ஈசியு உங்கள் சாவியை ஏற்காது. டேட்டாவைக் காப்பி எடுக்க வேண்டும், மிச்சம் பிடித்த ரிங்கிட் அதிலேயே போய்விடும். அதற்குப் போர்டு ரிப்பேர்தான் மேல். சாவி விவரம் உள்ளேயே இருக்கும், கசிந்த கப்பாசிட்டரையும் எரிந்த டிரைவரையும் (காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர்) மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

டிரைவர் எரிந்திருந்தால் அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலைச் சோதிக்காமல் பெட்டியைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். காயில் ஷார்ட்டாக இருந்தால் புது டிரைவரும் எரியும், ஹாஃப் கட் பெட்டி போட்டாலும் அதே கதிதான்.