‘சரி’ எந்தப் பக்கம்?
ஒரே லினக்ஸ் மடிக்கணினியில் க்னோம், கேடிஇ பிளாஸ்மா என்ற இரண்டு திரைச்சூழல்களையும் (டெஸ்க்டாப்) மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். கண்ணுக்கு இரண்டும் பழகிவிட்டன, கைக்குத்தான் பழகவில்லை. பிளாஸ்மாவின் உரையாடல் பெட்டியில் ‘சரி’ முன்னால், ‘ரத்து’ வலக்கோடியில். க்னோமில் நேர் எதிர். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் வலக்கோடியை அழுத்தி, அரை மணி நேரம் திருத்திய அமைப்புகளை நானே தொலைத்தேன். குற்றம் விரலுடையதுதான்.

ஒற்றுமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2000இல் ஹாவோக் பென்னிங்டன் என்ற நிரலாளர் தொடங்கிய, இத்தகைய சூழல்களுக்குப் பொது விதிகள் வகுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் முயற்சியின் பலனை ஒரு சின்ன ஐகானிலேயே பார்க்கலாம். சேமிக்கும் பொத்தானின் படத்துக்கு இரு தரப்பும் ‘டாக்குமென்ட்-சேவ்’ என்ற ஒரே பெயரைத்தான் வைத்திருக்கின்றன. அதனால் ஒரு வீட்டு நிரல் அடுத்த வீட்டுக்குப் போனாலும் அங்குள்ள படத்தை உடுத்திக்கொள்ள முடிகிறது. பிளாஸ்மா நிரல்களை எழுத உதவும் கருவித்தொகுப்பான கியூடி இன்னும் கெட்டிக்காரி: இருக்கும் சூழலைப் பார்த்துப் பொத்தான் வரிசையையே மாற்றிவிடும்.

ஆனால் பொதுவான வடிவமைப்பு வழிகாட்டி? தலைப்புப் பட்டையில் பொத்தான் வைக்கலாமா என்பதிலேயே இருவருக்கும் ஒத்துப்போகாது. க்னோம் தேர்வுகளைக் குறைக்கும்; பிளாஸ்மா அள்ளிக் கொடுக்கும். வேலை நாளுக்கு எனக்கு க்னோம். நோண்டிப் பார்க்க ஆசை வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்மா; அன்று மட்டும் பொத்தானைப் படித்துவிட்டுத்தான் அழுத்துகிறேன்.