டாங்கி காங் கேபினட்டில் எல்சிடி: எதிரில் நின்றால் அழகு, பக்கத்தில் நின்றால் எரிச்சல்

நண்பர் ஒருவருக்கு 1982 டாங்கி காங் ஜூனியர் கேபினட், அதாவது நிண்டெண்டோவின் பழைய ஆர்கேட் ஆட்டப் பெட்டி, கிடைத்திருக்கிறது. ஆட்டத்தை ஓட்டும் போர்டு ஓடுகிறது, சத்தம்கூட வருகிறது, மானிட்டர் மட்டும் இருட்டு. "உங்க டாங்கி காங்ல எல்சிடி கிட் போட்டு சில வருஷமா ஓட்டறீங்களே, அதையே நானும் வாங்கிடட்டுமா?" என்று கேட்டார். போனில் ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது 1981 மாடல், நீல கேபினட். நியூஜெர்சியில் எங்கள் வீட்டு பேஸ்மெண்ட்டில் நிற்கிறது. அதில் இருந்தது சானியோ 20இஇசட், அந்தக் கால நிண்டெண்டோ கேபினட்டுகளில் வழக்கமாக வந்த 20 அங்குல ட்யூப் மானிட்டர். ஃப்ளைபேக் (ட்யூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) போய், மாற்று கிடைக்காமல் தேடி அலுத்து, ட்யூபுக்குப் பதிலாக மாட்ட ஆர்கேடுக்கென்றே விற்கும் 19 அங்குல எல்சிடி கிட் ஒன்றை வாங்கினேன். விற்றவர்கள் பெயர் வேண்டாம். பல பெட்டிகளில் பல பெயரோடு வருவதும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான்.

நிண்டெண்டோவில் மானிட்டர் மாற்றுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த போர்டு வீடியோவின் வெளிச்சக் கணக்கைத் தலைகீழாக அனுப்புகிறது என்பது. மற்ற கம்பெனி போர்டுகளில் வோல்டேஜ் ஏற ஏற வெளிச்சம் கூடும், இதில் குறையும். சானியோ அதற்கென்றே செய்யப்பட்டது. வேறு எந்த மானிட்டரை நேராக மாட்டினாலும் ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரிதான் படம் வரும்: கருப்புப் பின்னணி வெள்ளை, சிவந்த இரும்புச் சட்டங்கள் பச்சை. இதைப் பார்த்து போர்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி விற்றவர்களும் உண்டு. போர்டுக்கும் மானிட்டருக்கும் நடுவில் இந்த சிக்னலைத் திருப்பிப்போடும் சின்ன இன்வெர்ட்டர் போர்டு ஒன்றை வைத்தால் சரியாகிவிடும். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ப்ரீசெட் (திருகிச் சரிசெய்யும் குமிழ்) இருக்கும். முதலில் கருப்பு உண்மையிலேயே கருப்பாகும் வரை மூன்றையும் குறையுங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம். அதற்கும் முன்னால் போர்டில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அது இறங்கியிருந்தால் ப்ரீசெட்டை எவ்வளவு திருகினாலும் நிறம் நிலைக்காது.

இரண்டாவது, சத்தம். சானியோவைக் கழற்றியதும் கேபினட் ஊமையாகிவிடும், ஏனென்றால் ஆடியோ ஆம்ப்ளிஃபயரும் அந்த மானிட்டரிலேயே இருக்கிறது. 12 வோல்ட்டில் ஓடும் குட்டி ஆம்ப் ஒன்று போதும். அதன் கிரவுண்டை வீடியோ கிரவுண்டோடு கண்ட இடத்தில் சேர்த்தால் உறுமல் வரும், ஒரே புள்ளியில் சேர்த்தால் நிற்கும். மின்சாரத்தில் சிக்கல் இல்லை. நிண்டெண்டோ உள்ளே 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறது, எல்சிடியின் அடாப்டர் 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும்.

இவ்வளவும் முடிந்து எதிரில் நின்று பார்த்தபோது மனம் நிறைந்துதான் போனது, மறைக்க மாட்டேன். கோடுகள் நேர்க்கோடுகள். மூலையில் சிவப்பும் நீலமும் பிரிந்து நிற்கும் தொல்லை இல்லை. கேபினட்டின் பின்பக்கம் சூடே ஏறுவதில்லை. ட்யூபின் 16 கிலோஹெர்ட்ஸ் கீச்சு, பெரியவர்கள் காதில் விழாவிட்டாலும் குழந்தைகளைப் படுத்தும். அதுவும் போயிற்று. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. இந்தக் கணக்கில் நல்ல மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும்.

ஒரு குறை கூர்ந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். டாங்கி காங் விநாடிக்கு 60.6 ஃப்ரேம் அனுப்புகிறது, எல்சிடியோ சரியாக 60-இல் ஓடுகிறது. மிஞ்சும் ஃப்ரேமை, போர்டின் சிக்னலை எல்சிடிக்கு ஏற்ப மாற்றும் கன்வெர்ட்டர் எங்காவது விழுங்க வேண்டும். அதனால் ஒன்றரை விநாடிக்குச் சற்று மேல் ஒருமுறை, ஆட்டத்தில் உருண்டுவரும் பீப்பாய் ஓர் இம்மி துள்ளும். ஏணியில் பீப்பாய் இறங்குமா இறங்காதா என்று கண்ணைப் பதித்திருப்பவருக்கு இது உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது, ஆனால் பொறுத்துக்கொள்கிறேன்.

பொறுக்க முடியாதது பக்கவாட்டுக் கோணம்.

இந்த கிட்டில் இருப்பது டிஎன் என்ற எல்சிடி வகை பேனல், மேசையில் படுக்கைவாட்டில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்தது. அதைக் கீழிருந்து பார்த்தால் நிறங்கள் புரண்டுவிடும்: கருப்பு சாம்பல் பூக்கும், நடுத்தர நிறங்கள் இருண்டுபோகும். மேசையில் யாரும் கீழே படுத்துக்கொண்டு பார்ப்பதில்லை என்பதால் அது குறையாகத் தெரியாது. ஆனால் டாங்கி காங் நெட்டுவாக்கில் ஆடும் ஆட்டம், பேனலை 90 டிகிரி திருப்பித்தான் மாட்ட வேண்டும். அப்போது அந்தக் 'கீழ்ப்பக்கம்' கேபினட்டின் இடதுபக்கம் ஆகிவிடுகிறது. எதிர்த்திசையில் திருப்பி மாட்டலாமே என்றால் படம் தலைகீழாக நிற்கும்.

விளைவு என்ன? ஆடுபவருக்கு அருமையான படம். தன் முறைக்காக இடதுபக்கம் காத்து நிற்பவருக்கு, இன்வெர்ட்டர் போட்டு நான் ஒழித்துக்கட்டிய அதே நெகட்டிவ் திரும்ப வந்து நிற்கிறது. தங்கை மகன் முதல்முறை அங்கே நின்றதும், "மாமா, கலரெல்லாம் மாறிப்போச்சு!" என்றான். மெனுவில் பிரைட்னெஸ், கான்ட்ராஸ்ட், காமா எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று. இது செட்டிங்கில் தீரும் சங்கதி அல்ல, பேனலின் பிறவிக்குணம்.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். தனியாக ஆடுவதென்றால் கேபினட் எதற்கு? எமுலேட்டரில் சோபாவில் உட்கார்ந்தே ஆடிவிடலாமே. இந்த ஆட்டத்தில் இரண்டு பேர் என்றால் மாறி மாறித்தான் ஆட வேண்டும். ஒருவர் ஆடும்போது மற்றவர் தோளோடு தோள் நின்று, "இப்ப குதி, சுத்தியலை எடு" என்று கத்துவார். பின்னால் இன்னும் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். ட்யூப் மானிட்டரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஏனென்றால் வெளிச்சம் அதன் முகத்தில் பூசிய பாஸ்பரிலிருந்தே கிளம்புகிறது. எங்கள் வீட்டில் இப்போது எல்லோரும் வலதுபக்கமே நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆர்கேடுக்கென்றே செய்ததாகச் சொல்லி, ஆர்கேட் விலைக்கு விற்கும் ஒரு பொருளில், இந்த ஆட்டங்களில் எத்தனையோ நெட்டுவாக்கில் ஆடுபவை என்று தெரிந்தும் இந்த பேனலை வைத்தது அக்கறையின்மை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்சிடியே கூடாது என்று சொல்லவில்லை. ஐபிஎஸ் அல்லது விஏ என்ற வேறு வகை எல்சிடி பேனலில் இந்தப் புரளல் இல்லை. பழைய டெல் 2007எஃப்பி போன்ற 20.1 அங்குல மானிட்டர்கள் 1600×1200, அசல் 4:3 வடிவம், கேபினட் முகப்புக்கும் ஏறக்குறையப் பொருந்தும். பழைய சாமான் கடைகளில் சில சமயம் கிடைக்கும். கன்வெர்ட்டரைத் தனியாக வாங்க வேண்டும், பீப்பாய்த் துள்ளல் அதிலும் இருக்கலாம், ஆனால் பக்கத்தில் நிற்பவர் படம் பார்ப்பார்.

ஆக, பழுதே ஆகாத, நேர்த்தியான, நான் இத்தனை பாராட்டிய இந்த கிட்டை வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நானே இதைக் கழற்றப் போகிறேன். சானியோவை எறியாமல் வைத்திருக்கிறேன். ஃப்ளைபேக் தேடலை மறுபடி தொடங்கியாகிவிட்டது, கூடவே சேசிஸில், அதாவது மானிட்டரின் மின்சுற்றில், உலர்ந்துபோன கெபாசிட்டர்களையும் மாற்றிவிடுவேன்.

உங்கள் ஜூனியரிலும் அவசரப்பட்டு எதையும் கழற்ற வேண்டாம். பவர் போட்டுப் பின்பக்கம் கை வைக்காமல் பாருங்கள், ட்யூபின் கழுத்தில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிகிறதா என்று. தெரிந்தால் நல்ல செய்தி. தெரியாவிட்டாலும் ட்யூப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் பல சேசிஸ்களில் அந்த வெளிச்சத்தைத் தரும் ஹீட்டருக்கு மின்சாரம் ஃப்ளைபேக்கிலிருந்துதான் வருகிறது. அனோடு கேப்பை, அதாவது ட்யூபின் மேல் தடித்த வயர் சேரும் ரப்பர் மூடியை, மட்டும் தொடாதீர்கள். பவர் நிறுத்திய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் அங்கே தங்கியிருக்கும், டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை நானே வருகிறேன். கழுத்துக் கண்ணாடி உடைந்திருந்தால் மட்டும் எல்சிடி பற்றிப் பேசுவோம்.