நெறியாளரைத் தேர்ந்தெடுக்க எப்போது விடுகிறார்கள்? – மூன்று ஆய்வு நிறுவனங்கள், ஒரு மதிப்பீடு

முதுகலை அறிவியல் வகுப்பில் இறுதியாண்டு தொடங்கியதும் மாணவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பிஎச்.டி.க்கு எந்த நிறுவனம் நல்லது? தேசியத் தரவரிசைப் பட்டியலைப் பார்த்து இதற்கு விடை தேடுவதில் பயன் குறைவு. அந்தப் பட்டியல் ஒரு நிறுவனத்தை ஒட்டுமொத்தமாக எடைபோடுகிறது. முனைவர் பட்ட மாணவரோ ஐந்தாறு ஆண்டுகளை ஒரே ஆய்வகத்தில், ஒரே நெறியாளரின் கீழ்க் கழிக்கப் போகிறவர். ஆகவே பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆகிய மூன்றையும் வேறோர் அளவுகோலைக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். சேர்ந்த மாணவருக்குத் தன் நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எப்போது கிடைக்கிறது என்பதே அந்த அளவுகோல். நான் இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் சற்று அந்தப் பக்கம் சாயக்கூடும்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான வரிசை இது: முதலில் ஒரு நெறியாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவரிடம் காலியிடம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும், ஒப்புதல் கடிதம் பெற வேண்டும், அதன் பின்னரே பதிவு. ஆராய்ச்சி என்றால் என்னவென்று இன்னும் தெரியாத வயதில், அரை மணி நேரம் பேசிப் பார்த்த ஒருவரிடம் தன் துறை, தலைப்பு, காலம் எல்லாவற்றையும் மாணவர் ஒப்படைத்துவிடுகிறார். பிறகு ஒத்துவரவில்லை என்றால் மாறுவது எளிதல்ல. பழைய நெறியாளரின் தடையில்லாச் சான்று இல்லாமல் கோப்பு நகராது. ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த என் மாணவர் ஒருவர், தலைப்பு பிடிக்காமலேயே அதை முடித்து வெளியே வந்தார். பட்டம் கிடைத்தது, அதன்பின் அந்தத் துறையின் பக்கமே அவர் திரும்பவில்லை.

இந்த அளவுகோலில் கணித அறிவியல் நிறுவனம் நன்றாகவே தேறுகிறது. அல்லாடி இராமகிருஷ்ணனின் முயற்சியால் 1962இல் தொடங்கப்பட்டு, இன்று அணுசக்தித் துறையின் நிதியில் இயங்கும் இந்நிறுவனத்தை மூத்தவர்கள் இன்னமும் 'மேட்சயன்ஸ்' என்றே சொல்வார்கள். கணிதம், கோட்பாட்டு இயற்பியல், கோட்பாட்டுக் கணினியியல், கணிப்பிய உயிரியல் ஆகியவை இங்குள்ள துறைகள்; பட்டம் ஹோமி பாபா தேசிய நிறுவனத்தின் பெயரில் வழங்கப்படுகிறது. சேர்ந்தவுடன் நெறியாளர் ஒருவரின் பெயரை எழுதித் தர வேண்டிய கட்டாயம் கிடையாது. முதலில் பாடங்கள், அவற்றை நடத்துபவர்களிலேயே யார் எப்படிச் சிந்திக்கிறார், தவறான விடையை எப்படி எதிர்கொள்கிறார், கருத்தரங்கில் எத்தகைய கேள்விகளைக் கேட்கிறார் என்பதை மாணவர் பார்த்துப் பழகிய பிறகே தேர்வு. தேசிய உயர் கணித வாரியம் வட்டார நூலகமாக ஏற்றிருக்கும் அதன் நூலகம் கணிதம் பயில்பவருக்குத் தனிப் பேறு. குறை என்று சொன்னால் அளவுதான். நிறுவனம் சிறியது, பிடித்த உட்பிரிவில் இருப்பவர் இரண்டு பேராகவும் இருக்கலாம், அவர்களில் ஒருவர் நீண்ட விடுப்பில் வெளிநாட்டில் இருக்கவும் கூடும். சோதனைக்கூடத்தில் கை வைத்து வேலை செய்ய விரும்புபவருக்கு இங்கே எதுவும் இல்லை. அவர் விண்ணப்பிக்கவே வேண்டாம்.

அப்படிப்பட்டவருக்கு டாட்டா நிறுவனம் பொருந்தும். ஹோமி பாபா 1945இல் தொடங்கிய இந்நிறுவனம் கொலாபாவில் கடலை ஒட்டியிருக்கிறது. படம் பார்த்து மயங்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது, கடலைவிட, பொருள்களை மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்குக் குளிர்விக்க உதவும் அங்குள்ள திரவ ஹீலியம்தான் முக்கியம் என்பது. தாழ்வெப்பநிலை இயற்பியலில் சோதனை செய்ய நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஹீலியம் எங்கிருந்து வருகிறது, தடையின்றி வருகிறதா என்பதுதான். அது இல்லாத இடத்தில் விலையுயர்ந்த கருவி போர்வை போர்த்தி நிற்கும். மாணவரின் மூன்றாம் ஆண்டு காத்திருப்பிலேயே போய்விடும். டாட்டா நிறுவனம் அதைத் தன் வளாகத்திலேயே திரவமாக்கிக்கொள்கிறது. வானியல் பக்கம் செல்பவருக்கு அதன் புனே மையம் நடத்தும், 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண வடிவ அலைவாங்கிகளைக் கொண்ட மீட்டரலை வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. ஊட்டியில் 1970இல் அமைந்த வானொலித் தொலைநோக்கியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நெறியாளர் தேர்வைப் பொறுத்தவரை, முதலாண்டில் பாடங்களோடு சிறு ஆய்வுத் திட்டங்களும் உண்டு என்பதால் ஒருவரோடு வேலை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்க முடிகிறது. உயிரியலுக்கான அதன் பெங்களூரு மையத்தில் இது இன்னும் வெளிப்படையான ஏற்பாடு: புதிய மாணவர் ஒவ்வோர் ஆய்வகமாகச் சில வாரங்கள் சுற்றி வேலை பார்த்த பின்னரே எங்கே தங்குவது என்று தீர்மானிக்கிறார். இந்தச் சுழற்சி முறையை நம் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொண்டால் பாதிப் புகார்கள் குறையும் என்பது என் எண்ணம்.

1909இல் உருவான இந்திய அறிவியல் கழகத்தைப் பற்றி ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனெனில் நடைமுறை துறைக்குத் துறை மாறுகிறது. சில துறைகளில் நேர்காணலின்போதே எந்த ஆய்வகம் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். வேறு சிலவற்றில் பாடங்கள் முடியும்வரை அவகாசம் உண்டு. இளநிலைப் பட்டத்துக்குப் பின் 'ஜாம்' என்னும் தேசிய நுழைவுத் தேர்வு வழியாகச் சேரும், முதுகலையும் முனைவர் பட்டமும் இணைந்த ஒருங்கிணைந்த பிஎச்.டி. திட்டத்தில் அந்த அவகாசம் தாராளம். என் மாணவர்களில் துணிந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். நானோ அறிவியல் மையத்தின் தூசி புகாத தூய்மை அறைகள் உட்பட, கருவிகளின் வகையில் நாட்டில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் பெரிய ஆய்வகங்களில் பேராசிரியரைப் பார்ப்பதற்கே நாள் குறிக்க வேண்டியிருக்கும் என்பதையும், நடைமுறையில் வேலை கற்றுத்தருபவர் மூத்த மாணவராகவே இருப்பார் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மூன்று இடங்களிலுமே நேர்காணல் பெரும்பாலும் சாக்பீஸைக் கையில் கொடுத்துப் பலகை முன் நிறுத்துவதாகத்தான் இருக்கும். இத்தகைய நேர்காணலில் தன்னைக் கேட்டதை ஒரு மாணவி வந்து சொன்னார். பெட்டியில் அடைபட்ட துகளின் ஆற்றல் மட்டங்களை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் மனப்பாடம். பிறகு, ஒரு பக்கச் சுவரைத் திடீரென்று இருமடங்குத் தொலைவுக்கு நகர்த்தினால் சராசரி ஆற்றல் என்னவாகும் என்று கேட்டிருக்கிறார்கள். குறையும் என்று தொடங்கி, துகளின் நிலையைக் குறிக்கும் அலைச்சார்பு அந்தக் கணத்தில் மாறவில்லையே என்று தானே உணர்ந்து, மாறாது என்ற விடைக்கு அவர் வந்து சேரும்வரை ஒருவரும் குறுக்கிடவில்லை. எனக்கு அந்தப் பொறுமை ஒரு நல்ல அறிகுறியாகப் பட்டது.

உதவித்தொகையில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி, விடுதியில் இடம் பெற்றவருக்கு அது கிடையாது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாதவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்ற பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளியின் கனம் புரியும்.

குடும்பச் சூழலால் ஊரை விட்டு நகர முடியாதவர்கள், குறிப்பாகத் திருமணமான பெண்கள், பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுக்க நேர்கிறது. அங்கும் நல்ல நெறியாளர்கள் இருக்கிறார்கள். அங்கே சேரும் மாணவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளை ஒரு முறையாவது படித்துவிட வேண்டும். ஓய்வு பெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை ஏற்கக் கூடாது. ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருக்கக் கூடாது. பெண்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள்வரை உண்டு. நெறியாளரின் ஓய்வு நாளைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் மாணவர்கள் தயங்குகிறார்கள். அலுவலகத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

விண்ணப்பங்களைப் பொறுத்தவரை, டாட்டா நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு வழக்கமாக டிசம்பரில் முடிந்துவிடுகிறது என்பதைப் பலர் பிப்ரவரியில்தான் அறிகிறார்கள். கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியல், கணினியியல் பிரிவுகளுக்கு 'ஜெஸ்ட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுதலாம். அதே மதிப்பெண்ணை வேறு பல ஆய்வு நிறுவனங்களும் ஏற்கும். நேர்காணலுக்குச் செல்பவர் அன்று மதியம் விடுதி உணவகத்தில் சாப்பிட்டு, நான்காம் ஆண்டு மாணவர் யாராவது ஒருவரிடம், கடைசியாக நெறியாளரை மாற்றிக்கொண்டவர் யார், அதற்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டுவிட்டு வருவது நல்லது.